பேப்பர்ல மட்டும் பொறந்த புள்ளைங்க

உங்க ஊர் வீட்டு வாசல்ல எத்தனை படி? அரிசிப் பானை எந்த மூலைல இருக்கும்? உங்க வரிசைல மூணாவது வீடு யாரோடது? என்னைக் கேட்டா தாத்தா வீட்டுப் படிக்கட்டு கூட சரியா சொல்ல மாட்டேன். ஆனா 1910ல இருந்து 1940 வரைக்கும் சான் பிரான்சிஸ்கோ பக்கத்துல ஏஞ்சல் தீவுல வந்து எறங்குன சீனாக்காரங்க இந்த மாதிரி கேள்விக்கு நாள் கணக்குல பதில் சொல்லணும், சொதப்பினா திரும்ப கப்பல்தான்.

ஏன் இப்படினா, 1848ல கலிஃபோர்னியால தங்கம் கெடைச்சுதுன்னு கேள்விப்பட்டு தெற்கு சீனாவுல கேன்டன் பக்கத்து ஜனங்க கிளம்பி வந்தாங்க, அந்த ஊருக்கு அவங்க வச்ச பேரே தங்கமலை. அப்புறம் மலையைக் கொடைஞ்சு ரயில் பாதை போட்டதும் பெரும்பாலும் அவங்கதான், 1869ல அது முடிஞ்சுது. வேலை முடிஞ்சதும் எங்க பொழப்பைக் கெடுக்குறாங்கன்னு வெள்ளைக்காரங்க கத்த ஆரம்பிச்சு, 1882ல சீனக் கூலிக்காரங்க யாரும் உள்ள வரக்கூடாதுன்னு சட்டமே வந்துடுச்சு. வியாபாரி, மாணவர், வாத்தியார் மாதிரி சிலருக்கு மட்டும் விலக்கு. இன்னொரு வழியும் இருந்துச்சு, அமெரிக்கக் குடிமகனோட புள்ளைன்னா சீனாவுல பொறந்திருந்தாலும் குடிமகன்தான்.

இங்கதான் மேட்டர். 1906 ஏப்ரல்ல சான் பிரான்சிஸ்கோல நிலநடுக்கம் வந்து ஊரே பத்தி எரிஞ்சப்ப பிறப்புப் பதிவெல்லாம் சாம்பலாயிடுச்சு. நான் இங்கதான் பொறந்தேன், அதனால நானும் குடிமகன்தான்னு ஒருத்தர் சொன்னா இல்லைன்னு காட்ட ஆபீஸ்ல ஒண்ணும் இல்ல. அப்படி குடிமகன் ஆனவரு சீனாவுக்குப் போயிட்டு வர்றப்பல்லாம் எனக்கு ஒரு பையன் பொறந்திருக்கான்னு எழுதி வச்சுடுவாரு, பொறந்தானோ இல்லையோ. அந்தக் காலி இடத்தை பின்னாடி ஊர்ல ஒரு பையனுக்கு வித்துடலாம். அவனுக்குப் பேரு காகித மகன்.

ஆபீசருங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. பேப்பர் இல்லைன்னா என்ன, அப்பாவைத் தனியா பையனைத் தனியா உக்கார வச்சு ஒரே கேள்வியைக் கேட்டு பதிலை ஒப்பிட்டுப் பாப்பாங்க. அதுக்குப் பதிலடியா வந்ததுதான் கோச்சிங் நோட்டு. கிராமத்து மேப், சொந்தக்காரங்க பேரு, வீட்டு ஜன்னல் கணக்கு எல்லாம் எழுதி கப்பல்லயே மனப்பாடம் பண்ணிட்டு கரை வர்றதுக்குள்ள கடல்ல தூக்கிப் போட்டுடுவாங்க.

யோசிச்சுப் பாத்தா இந்த சோதனை உண்மையைக் கண்டுபிடிக்கவே இல்ல, ரெண்டு பேரு பதிலும் பொருந்துதான்னுதான் பாத்துச்சு, ஒரே வீட்ல வளந்த ரெண்டு பேரைக் கேட்டாலே படிக்கட்டு எண்ணிக்கை ஒத்துப்போகாது, அதனால நெசமான மகனுங்களும் நோட்டு வாங்கி உருப்போட வேண்டியதாப் போச்சு, நல்லாப் படிச்ச பொய்ப் புள்ளை ஈசியா பாஸ் ஆவான், படிக்காத சொந்தப் புள்ளை மாட்டுவான். முடிவு வர்ற வரைக்கும் வாரக்கணக்கா, சிலர் மாசக்கணக்கா அடைபட்டு கெடந்தாங்க. அப்ப மரச்சுவத்துல அவங்க செதுக்குன கவிதைங்க இன்னைக்கும் அங்க இருக்கு.

1943ல தடைச் சட்டத்தை எடுத்தாங்க, எடுத்துட்டு வருஷத்துக்கு 105 பேருன்னு கோட்டா போட்டாங்க, கொடுமை! 1956ல அரசாங்கமே உண்மையைச் சொல்லிடுங்கன்னு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு, ஆனா ஒருத்தர் வாயைத் திறந்தா அந்தப் பொய்க் குடும்பத்துல இருக்குற எல்லாரும் மாட்டுவாங்கன்னு நிறைய பேர் மூச்சு விடல. சில கல்லறைக் கல்லுல இங்கிலீஷ்ல ஒரு குடும்பப் பேரு இருக்கும், அதுக்குப் பக்கத்துலயே சீன எழுத்துல வேற குடும்பப் பேரு.