வரிவிலக்கு டீசலும் நிலத்தடி எண்ணெய்க் கையிருப்பும்: கடலூர் மீனவர்களுக்கு ஒரு விளக்கம்

தமிழ்நாடு அரசு 2023-இல் அறிவித்த உயர்வின்படி, விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர் டீசலும், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,400 லிட்டரும் விற்பனை வரி விலக்குடன் வழங்கப்படுகின்றன. கடலூர் துறைமுகத்திலிருந்து தொழிலுக்குச் செல்வோர் அறிந்த இந்தச் சலுகை விலையைக் குறைக்கிறதே தவிர, டீசல் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் தருவதில்லை.

நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யப்படுகிறது. அதில் கணிசமான பகுதி ஹோர்முஸ் நீரிணை என்ற குறுகிய கடல்வழியாக வந்தாக வேண்டும். 1990-இல் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தபோது எண்ணெய்ச் செலவு எகிறியதும், அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணி வற்றி நாடு தங்கத்தை அடகு வைக்க நேர்ந்ததும், தொலைவில் மூளும் போர் நம் பாதுகாப்பை எப்படித் தொடுகிறது என்பதைக் காட்டின.

இந்த ஆபத்துக்காகவே மத்திய அரசு நிலத்தடிக் கச்சா எண்ணெய்க் கையிருப்புத் திட்டத்தை ஏற்படுத்தியது. இதற்கென 2004-இல் தனி நிறுவனம் அமைக்கப்பட்டு, விசாகப்பட்டினத்தில் 13.3 லட்சம் டன், மங்களூருவில் 15 லட்சம் டன், உடுப்பி அருகிலுள்ள பாதூரில் 25 லட்சம் டன் கொள்ளும் கிடங்குகள் பாறையைக் குடைந்து கட்டப்பட்டன. எண்ணெய் கசியாமலிருக்க இரும்புத் தொட்டி எதுவும் இல்லை. சுற்றியுள்ள பாறையிடுக்குகளில் நிற்கும் நிலத்தடி நீரின் அழுத்தமே அதை உள்ளே தடுத்து வைக்கிறது. 2020-இல் உலக விலை சரிந்த வேளையில் இவற்றைக் குறைந்த செலவில் நிரப்பியது நல்ல முடிவு.

மூன்றும் முழுமையாக நிரம்பியிருந்தாலும் நாட்டின் தேவைக்கு ஏறத்தாழ 9.5 நாட்களுக்கே போதும் என்று அரசு கணக்கிட்டுள்ளது; எண்ணெய் நிறுவனங்களின் சொந்த இருப்பையும் சேர்த்தால் சுமார் 74 நாட்கள் ஆகும். சர்வதேச எரிசக்தி முகமை தன் உறுப்பு நாடுகளிடம் கேட்பது 90 நாள் இறக்குமதிக்கு ஈடான இருப்பு. இந்தியா 2017 முதல் இணை உறுப்பினர் மட்டுமே என்பதால் அது நம்மைக் கட்டுப்படுத்தாது; ஆயினும் இவ்வளவு இறக்குமதியை நம்பும் நாட்டுக்கு அதுவே குறைந்தபட்ச அளவாக இருக்க வேண்டும்.

இந்தக் கையிருப்பிலிருந்து தனிநபரோ மீனவர் கூட்டுறவுச் சங்கமோ விண்ணப்பித்துப் பெற வழியில்லை. எப்போது, எவ்வளவு திறப்பது என்பதை மத்திய அரசே முடிவு செய்கிறது. மேலும் அங்கிருப்பது கச்சா எண்ணெய். அது சுத்திகரிப்பு ஆலைக்குச் சென்று டீசலான பிறகே படகுக்கு வரும். கடலூர்க் கரையில் கட்டப்பட்டு வந்த ஆலையோ 2011 தானே புயலில் சேதமடைந்து, உற்பத்தியைத் தொடங்காமலேயே நின்றுவிட்டது.

ஒடிசாவின் சண்டிக்கோலில் 40 லட்சம் டன்னுக்கும், பாதூரில் மேலும் 25 லட்சம் டன்னுக்கும் இரண்டாம் கட்டக் கிடங்குகள் அமைக்க 2021 ஜூலையில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. வரிவிலக்கு அளவை உயர்த்தக் கோரும் சங்கங்கள், இந்தப் பணியை விரைந்து முடிக்கும்படி நாடாளுமன்ற உறுப்பினரிடம் வலியுறுத்துவதும் தேவை.