குறை படத்திலா, டிவியிலா?

"படம் என்னமோ சீரியல் மாதிரி இருக்கு." "ஒரே இருட்டு, யார் யாரை வெட்டுறாங்கன்னே தெரியலை." "பேசுறது காதுல விழலை, வெடி வெடிச்சா மட்டும் வீடு அதிருது."

வீட்டில் படமோ தொடரோ பார்த்தவர்கள் சொல்லும் கருத்துகளில் இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வருகின்றன. திட்டு வாங்குவது இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் ஒலிக் கலவை செய்தவரும். ஆனால் திரைகளை அளவெடுத்துச் சரிசெய்யும் தொழிலில் இந்தக் குறைகளைக் கேட்டதும் முதலில் கை போவது ரிமோட்டில் இருக்கும் செட்டிங்ஸ் பட்டனுக்குத்தான். பெரும்பாலும் பதில் அங்கேயே கிடைத்துவிடும். நடிப்பு, கதை, வசனம் பற்றிய ரசனையில் தலையிடுவது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. நீங்கள் பார்த்தது அவர்கள் எடுத்த படம்தானா என்பது மட்டும்தான் இங்கே கேள்வி.

சீரியல் மாதிரி இருப்பது ஏன்

பேசும்படம் வந்த 1920களின் இறுதியிலிருந்து சினிமா நொடிக்கு 24 பிரேம் வேகத்தில் எடுக்கப்படுகிறது. வீடியோவில் எடுக்கப்பட்ட நெடுந்தொடர்களும் நேரலைகளும் நொடிக்கு 50 அல்லது 60 முறை அசைவைப் பதிவு செய்தவை. இரண்டையும் பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய கண், வழுவழுப்பான அசைவைக் கண்டதும் "இது சீரியல்" என்று முடிவு கட்டிவிடுகிறது. 2012இல் "தி ஹாபிட்" படத்தின் முதல் பாகம் சில அரங்குகளில் நொடிக்கு 48 பிரேமில் ஓடியபோது, செட்டும் மேக்கப்பும் பளிச்சென்று தெரிகின்றன என்று பலர் முகம் சுளித்ததும் இதனால்தான்.

இன்றைய பல டிவிகள் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய நிலையிலேயே அசைவை இப்படி வழுவழுப்பாக்கும் வேலையைச் செய்கின்றன. அடுத்தடுத்த இரண்டு பிரேம்களை ஒப்பிட்டு, இடையில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து, எடுக்கப்படாத பிரேம்களைத் தாங்களே வரைந்து செருகுகின்றன. சாம்சங்கில் இதன் பெயர் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. ஊகம் தவறும் இடங்களை நீங்களே பிடிக்கலாம். வேகமாக வீசும் கையின் விளிம்பில் புகை போல ஒரு வளையம் தெரியும். கம்பி வேலியைக் கடந்து ஒருவர் நடந்தால் கம்பிகள் நெளியும். இன்னொரு அடையாளம், அமைதியாகப் பேசும் காட்சி வழுக்கிக்கொண்டு போகும், சண்டை வந்ததும் திடீரென்று பழைய 24 பிரேம் நடைக்குத் திரும்பும். ஊகிக்க முடியாத வேகத்தில் டிவி கைவிட்டுவிடுவதே காரணம். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று வீடியோ வெளியிட்டுக் கேட்டுக்கொண்டார்கள். டிவி மெனுவில் இருக்கும் ஒரு செட்டிங்குக்காக நட்சத்திரமே வந்து பேச வேண்டிய நிலை என்றால் சிக்கல் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பாருங்கள்.

அணைக்கும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பல டிவிகள் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒவ்வொரு வகைப் படத்துக்கும் அமைப்பைத் தனித்தனியாகச் சேமிக்கின்றன. ஹெச்டிஎம்ஐ 1இல் அணைத்தது டிவிக்குள் இருக்கும் ஆப்பில் அணைந்திருக்காது. சாதாரணப் படத்துக்கு அணைத்தது ஹெச்டிஆர் (ஒளி வீச்சு அதிகமுள்ள) படத்துக்கும் அதன் இன்னொரு வகையான டால்பி விஷனுக்கும் பொருந்தாது. எனவே மூன்று வகைப் படங்களையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெனுவுக்குள் போய் அணைக்க வேண்டும்.

அணைத்த பிறகு கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகள் விட்டு விட்டு நகர்வதாகத் தோன்றினால் அதற்கும் காரணம் உண்டு. 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரையில், 24 பிரேமைக் காட்ட ஒரு பிரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் வரும். அந்த ஏற்றத்தாழ்வுதான் தடுமாற்றமாகத் தெரிகிறது. 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு பிரேமும் ஐந்து முறை, சீராக வரும். ஸ்ட்ரீமிங் பெட்டி வைத்திருப்பவர்கள் அதன் மெனுவில் "மேட்ச் ஃபிரேம் ரேட்" என்பதை இயக்கிவிடுங்கள். ஓஎல்இடி திரையில் பிக்சல்கள் நொடிப்பொழுதில் மாறுவதால் தடுமாற்றம் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். அங்கே மட்டும், முழுதாக அணைக்காமல், தடுமாற்றம் குறைக்கும் அளவை 10க்கு 1 அல்லது 2இல் வைப்பதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

இருட்டு

2019 ஏப்ரல் 28 அன்று "கேம் ஆஃப் த்ரோன்ஸ்" தொடரின் இரவுப் போர் பகுதி ஒளிபரப்பானதும் எதுவுமே தெரியவில்லை என்ற புகார் குவிந்தது. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், டிவிகளின் தவறான அமைப்பையும் ஒளிபரப்பில் நடந்த சுருக்கத்தையும் சுட்டிக்காட்டினார். பார்வையாளர்கள் ஒப்பவில்லை. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் இறுதியாக முடிவு செய்யும் நிறத் திருத்தம் நடக்கும் அறை அரையிருட்டாக இருக்கும். சாதாரணப் படத்துக்கு அங்கே அளவுகோலாக வைக்கும் திரையில் வெள்ளையின் ஒளி 100 நிட் (திரை ஒளியின் அலகு), அரங்குத் திரையில் 48 நிட். அந்த அறையில் முகத்தின் பாதி நிழலில் மறைந்தாலும் கண் துலக்கமாகப் பிடிக்கும். அதே காட்சியை ட்யூப்லைட் எரியும் கூடத்தில், ஜன்னல் பிரதிபலிக்கும் கண்ணாடித் திரையில் பார்த்தால் அந்த நிழலின் மேல் அறை வெளிச்சம் படிந்து எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். முதலில் செய்ய வேண்டியது விளக்கை அணைப்பது. கண் கூசினால் டிவிக்குப் பின்னால் சுவரில் படும்படி மங்கலான, 6500 கெல்வின் வெள்ளை விளக்கு ஒன்று போதும்.

அடுத்து, மின்சேமிப்பு அமைப்பையும் அறை வெளிச்சத்துக்கேற்ப மாறும் சென்சாரையும் அணையுங்கள். விளக்கை அணைத்ததும் சென்சார் திரையையும் மங்கலாக்கிவிடுவதால், இருட்டறையில் பார்த்தும் தெரியவில்லை என்ற புகார் வருகிறது. பிறகு பிக்சர் மோடை ஃபிலிம்மேக்கர், மூவி அல்லது சினிமா என்று மாற்றுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் 2019இல் அறிவிக்கப்பட்டது. அசைவு வழுவழுப்பு, கூர்மையாக்கல், இரைச்சல் நீக்கம் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் நிறுத்திவிடும். மாற்றியதும் படம் மஞ்சளடித்தது போல் தோன்றும். கடையில் கண்ணைக் கவரும் விவிட் மோடின் நீலம் பூத்த வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் இருக்கும். இரண்டு நாள் விடாமல் பாருங்கள், பிறகு விவிட்டுக்குத் திரும்பினால் முகங்கள் பிணம் போல வெளுத்திருப்பது தெரியும்.

"பிரைட்னஸ்" என்ற சொல் ஒரு பொறி. சில டிவிகளில் அது பின்விளக்கின் அளவு. வேறு சிலவற்றில் கறுப்பின் அளவு. பின்னதைத் தாராளமாக ஏற்றினால் இருட்டு விலகாது, கறுப்பு வெளிறும். ஏற்ற வேண்டியது பேக்லைட் அல்லது ஓஎல்இடி பிக்சல் பிரைட்னஸ். ஷார்ப்னஸைப் பல டிவிகளில் பூஜ்யத்துக்கு அருகே கொண்டுவரலாம். விளிம்புகளில் வெள்ளைக் கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

வெளிப்பெட்டி வழியாகப் பார்ப்பவர்கள் ஹெச்டிஎம்ஐ பிளாக் லெவலையும் பார்க்க வேண்டும். கறுப்பிலிருந்து வெள்ளை வரையிலான அளவைப் பெட்டி 0 முதல் 255 வரை அனுப்ப, டிவி 16 முதல் 235 என்று எடுத்துக்கொண்டால் நிழலில் உள்ள விவரமெல்லாம் கறுப்பில் மூழ்கிவிடும். நேர்மாறாக இருந்தால் படம் முழுக்கப் பனிமூட்டம் போலிருக்கும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவதுதான் தீர்வு.

சுருக்கத்தைப் பற்றி வாக்னர் சொன்னதும் உண்மையே. அரங்குக்குப் போகும் டிஜிட்டல் பிரதியில் நொடிக்கு 250 மெகாபிட் வரை படத்துக்கு இடமுண்டு, 4கே புளூ-ரே வட்டில் ஒலியும் சேர்த்து 100க்கு மேல். ஸ்ட்ரீமிங்கில் 4கே என்றாலும் அதில் ஒரு சிறு பங்குதான். பிட் பற்றாக்குறை முதலில் வெளிப்படுவது இருட்டிலும் புகையிலும்தான்: கட்டம் கட்டமாக உடையும், வானம் படிக்கட்டாகத் தெரியும். ஆண்ட்ராய்டு செல்பேசியில் எதைப் பார்த்தாலும் கலங்கலாக இருந்தால் ஆப்பின் பிளேபேக் விவரத்தில் வைட்வைன் (திருட்டு நகலைத் தடுக்கும் பூட்டு) எல்1 என்று இருக்கிறதா பாருங்கள். எல்3 என்றிருந்தால் பல சேவைகள் ஹெச்டி தருவதே இல்லை, சந்தா எதுவாக இருந்தாலும்.

வசனம் காதில் விழாதது

புகார்களில் அதிகம் நியாயமுள்ளது இதுதான். ஆனால் காரணம் ஒன்றல்ல, நான்கைந்து ஒன்றாகச் சேர்ந்தது.

5.1 கலவையில், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் அடித்தொனிக்கான ஒன்றுக்கும் பிரித்துத் தரும் ஒலியில், வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் மட்டும் இருக்கும். உங்களிடம் டிவியின் சொந்த ஸ்பீக்கர்கள் இரண்டு மட்டும் இருந்தால், டிவி அந்த நடு ஒலியை வழக்கமாக 3 டெசிபல் குறைத்து இடமும் வலமும் பிரிக்கும். இசையும் சத்தங்களும் ஏற்கெனவே அங்கே நிரம்பியிருக்க, பேச்சு அதற்குள் அமிழும். போதாததற்கு மெலிந்த டிவிகளின் ஸ்பீக்கர்கள் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கின்றன. சொற்களைப் பிரித்தறிய உதவும் மெய்யெழுத்துகளின் கூர்மை 2000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கிறது, சுவரில் மோதித் திரும்பும்போது முதலில் கலங்குவதும் அதுதான். உயிரெழுத்துகளின் முழக்கம் மட்டும் மிஞ்சுவதால், சத்தம் கேட்கிறது, சொல் புரிவதில்லை.

இன்னொன்று ஒலி வீச்சு. நெட்ஃபிளிக்ஸ் தனக்குத் தரப்படும் படங்களில் வசனத்தின் சராசரி மைனஸ் 27 டெசிபல் அளவிலும் (டிஜிட்டல் ஒலியில் பூஜ்யம்தான் உச்ச எல்லை), உச்சச் சத்தம் மைனஸ் 2 டெசிபலைத் தாண்டாமலும் இருக்கக் கேட்கிறது. இடையில் 25 டெசிபல் இடைவெளி. அரங்கில் அது வியப்பு. பக்கத்து அறையில் குழந்தை தூங்கும் வீட்டில் அது ரிமோட்டைக் கீழே வைக்க விடாத தொல்லை.

செய்ய வேண்டியவை வரிசையாக: டிவி ஸ்பீக்கர் மட்டும் இருந்தால், ஆப்பின் ஒலித் தேர்வில் 5.1ஐ விட்டு சாதாரண ஸ்டீரியோவை எடுங்கள். அது பெரும்பாலும் இரண்டு ஸ்பீக்கருக்கென்றே சரிபார்க்கப்பட்டது. டிவியின் செயற்கைச் சரவுண்டை அணையுங்கள், பேச்சைத் தெளிவின்றி ஆக்குவதில் அதற்கு நிகரில்லை. இரவில் நைட் மோடை இயக்கினால் உச்சமும் அடியும் நெருங்கி வரும். நடு ஸ்பீக்கர் உள்ள அமைப்பு என்றால் அதை மட்டும் 2 முதல் 3 டெசிபல் ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் குரல் திரையைவிட்டுத் தனியே ஒட்டிக்கொண்டு நிற்கும். சவுண்ட்பார் வாங்கியும் மாற்றமில்லை என்பவர்கள் டிவியின் டிஜிட்டல் ஒலி வெளியீடு பிசிஎம் என்று இருக்கிறதா பாருங்கள். பல டிவிகளில் அந்த அமைப்பு 5.1ஐ இரண்டாகக் குறைத்துத்தான் வெளியே அனுப்பும், சவுண்ட்பாரின் நடு ஸ்பீக்கருக்கு உரிய ஒலி போய்ச் சேராது.

உதடும் ஒலியும் பொருந்தாதபோது "டப்பிங் மோசம்" என்கிறோம். ஒலி சுமார் 45 மில்லிநொடி முந்தினாலும் 125 மில்லிநொடி பிந்தினாலும் மனிதருக்குத் தெரியத் தொடங்கும். புளூடூத் ஸ்பீக்கர் எளிதாக அந்த எல்லையைத் தாண்டும். கம்பி வழியே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு டப்பிங் கலைஞரைக் குறை சொல்லலாம்.

வெட்டுப்படும் திரை, ஓடும் நேரம்

மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் படம் குறைவதில்லை. 2.39க்கு 1 என்ற அகலப் படம் சாதாரண டிவித் திரையின் உயரத்தில் முக்கால் பங்கை நிரப்பும். பட்டை பிடிக்கவில்லை என்று ஜூம் செய்தால் பக்கவாட்டில் கால் பங்கு படம் வெளியே போய்விடும். இருவர் பேசும் காட்சியில் ஒருவரின் முகம் பாதியில் நிற்பதற்கு ஒளிப்பதிவாளர் பொறுப்பல்ல. சேவைகளே இந்தத் தவறைச் செய்வதுண்டு. 2019இல் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது "தி சிம்ப்சன்ஸ்" தொடரின், கிட்டத்தட்டச் சதுர வடிவில் இருந்த பழைய பகுதிகள் அகலத் திரைக்காக வெட்டப்பட்டு, படத்தின் ஓரத்தில் இருந்த நகைச்சுவைகள் காணாமல் போயின. ரசிகர்கள் விடாமல் கேட்டதால் 2020 மேயில் மூல வடிவமும் கிடைத்தது.

வேகத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு "உணர்ச்சி ஒட்டவில்லை" என்று எழுதுபவர்களிடம் மன்றாடவே தோன்றுகிறது. பதில் சொல்லத் தயங்கும் ஒரு பாத்திரத்துக்குப் படத்தொகுப்பாளர் விட்ட 2 நொடி மௌனம் என்பது 48 பிரேம். அதில் ஒரு பிரேமைக் கூட்டுவதா குறைப்பதா என்று யோசித்து வைத்தது. ஒன்றரை மடங்கு வேகத்தில் அது 1.3 நொடி. தயக்கம் போய் அவசரம் வந்துவிடுகிறது.

சப்டைட்டில் வசனத்தைச் சுருக்குகிறது என்பதும் தவறாமல் வரும் குறை. இரண்டு வரி, ஆங்கிலத்தில் வரிக்கு 42 எழுத்து, அதிகபட்சம் 7 நொடி என்பது பரவலான விதி. படபடவென்று பேசும் காட்சியில் சொல் உதிரத்தான் செய்யும். டப்பிங் குரலை ஓடவிட்டு மூலமொழிக்கு எழுதிய சப்டைட்டிலைப் படித்தால் இரண்டும் பொருந்தாது, ஏனென்றால் டப்பிங் வசனம் உதட்டசைவுக்காக வேறாக எழுதப்பட்டது.

இவ்வளவுக்குப் பிறகும்

எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் குறை மிஞ்சுகிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. உறுத்திய காட்சியின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே டிவியில், அதே மோடில், இருட்டும் பேச்சும் உள்ள வேறொரு படத்தின் காட்சியைப் பாருங்கள். அதில் முகம் தெரிந்தால் திரை நன்றாக இருக்கிறது. பிறகு குறித்த காட்சியைக் கம்பி ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள், விளக்கணைத்த அறையில் வேறொரு திரையில் ஒருமுறை பாருங்கள். அங்கும் சொல் புரியவில்லை, முகம் தெரியவில்லை என்றால் குறை படத்தினுடையதுதான். இசைக்கு அடியில் வசனத்தைப் புதைக்கும் கலவைகளும், வீட்டுத் திரையை நினைத்தே பார்க்காத நிறத் திருத்தங்களும் நிறைய வருகின்றன. காட்சியின் நேரம், பார்த்த கருவி, பிக்சர் மோட், ஒலித் தேர்வு ஆகியவற்றை ஒரு வரியில் சேர்த்து அதைத் தயங்காமல் எழுதுங்கள். "43ஆவது நிமிடம், ஸ்டீரியோ, ஹெட்போன், அப்போதும் வசனம் கேட்கவில்லை" என்று ஒரு பார்வையாளர் எழுதினால், கலவை அறையில் இருப்பவரால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது.