வசதி குறைந்தது யாருக்கு?

போன மாதம் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பேருந்து ஊத்து என்ற நிறுத்தத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. மழையில் சரிந்த ஓரத்துக்குத் தடுப்புச்சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்து வண்டிகளை விட்டு மறுபக்கத்தை நிறுத்தி வைத்திருந்ததால் நாற்பது நிமிடம் அசையவில்லை. ஜன்னலுக்கு நேரே மஞ்சள் போர்டு: ‘பணி நடைபெறுகிறது. வசதிக்குறைவுக்கு வருந்துகிறோம்.’

வடுகபட்டிச் சந்தையில் பூண்டு போட்டுவிட்டுக் காலிச் சாக்குகளோடு மலையடிவாரத்துக் காட்ரோட்டில் ஏறிய ஓர் அம்மா எனக்கு முன் சீட்டில். கூட வந்த பேரன் போர்டை எழுத்துக்கூட்டிப் படித்தான். அந்த அம்மா கேட்டது: “யாருக்குடா வசதி குறைச்சல்? நமக்கா, அவங்களுக்கா?”

“ரெண்டு பேருக்குந்தாம்மா” என்றார் கண்டக்டர்.

இந்த ‘வசதிக்குறைவு’ எனக்குப் புதிதல்ல. லாட்ஜில் வெந்நீர் வராத அறைக்கதவில், பணம் வராத ஏ.டி.எம். திரையில், இருட்டியபின் வரும் மின்தடைக் குறுஞ்செய்தியில் என்று எங்கும் இதே சொல். இதைவிட நல்ல சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இடையூறு.

இதன் பிறப்பைச் சொல்ல அதிக நேரம் வேண்டாம். இடை + ஊறு. உறு என்ற வினையின் முதல் எழுத்து நீண்டு ஊறு ஆனது. கெடு கேடானதும் படு பாடானதும் போலத்தான். நீர் ஊறுவதற்கும் ஊறுகாய்க்கும் இங்கே வேலையில்லை, அது வேறு ஊறு. உறுவது என்றால் வந்து படுவது. மேலே வந்து படுவதால் தொடு உணர்ச்சிக்கும் ஊறு என்று பெயர். ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்று குறள் ஐம்புலனையும் அடுக்கும்போது அந்தப் பொருள்தான். கெட்டது வந்து பட்டால் அதுவும் ஊறு. ‘ஊறொரால்’ (ஊறு வராமல் விலக்குதல்) என்று குறளின் வினைத்திட்பம் அதிகாரத்தில் வருவது இது. ஒரு வேலையின் நடுவே அப்படி வந்து படுவது இடையூறு. ‘முடிவும் இடையூறும் முற்றியாங்கு எய்தும் படுபயனும் பார்த்துச் செயல்’ என்று 676ஆம் குறளில் முழுச்சொல்லாகவே இருக்கிறது. வேலையைத் தொடங்குமுன் என்னென்ன குறுக்கே வரும் என்றும் கணக்குப் போடச் சொல்கிறார் வள்ளுவர். மலைப்பாதையில் சுவர் கட்டுகிறவர்களுக்கே சொன்னது மாதிரி இருக்கிறது.

சரி, வசதிக்குறைவுக்கு வருவோம். இது எப்படி வந்தது என்பது தெரிந்த கதைதான். முன்பு இந்தப் போர்டுகளில் ‘அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்’ என்று இருந்தது. சௌகரியம் வடசொல், எளிதாகச் செய்ய முடிகிற தன்மை என்பது அதன் பொருள். (சௌக்கியம் வேறு, சௌகரியம் வேறு. கடிதத்தில் ‘தாங்கள் சௌகரியமா’ என்று எழுதி இரண்டையும் ஒன்றாக்கியவர்கள் என் தாய்மாமன் தலைமுறையிலேயே உண்டு.) அசௌகரியம் வாயில் நுழையவில்லை, தமிழும் இல்லை என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. நியாயம்தான். ஆனால் செய்தது என்ன? சௌகரியத்துக்குப் பதில் வசதி, முன்னால் ஒட்டிய ‘அ’வுக்குப் பதில் பின்னால் ஒரு குறைவு. முடிந்தது வேலை. இவ்வளவு பாடுபட்டுத் தூய தமிழ் என்று கொண்டுவந்து வைத்த வசதியும் வடசொல்தான். தங்குமிடம், குடியிருப்பு என்பது அதன் பழைய பொருள். வசிப்பதும் வாசம் செய்வதும் அதன் உறவுக்காரர்கள். ஒரு வடசொல்லை வாசல் வழியாக அனுப்பிவிட்டு இன்னொன்றைக் கொல்லைப்புறமாகக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

அது போகட்டும். வடசொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. நானும் நாள் முழுக்க வசதி என்று சொல்கிறவன்தான். சண்டை பொருளைப் பற்றியது. ‘உங்களுக்கு வசதிப்பட்ட நாளில் வாங்க’ என்றால் தோது என்று பொருள். அதை மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் குறைவைச் சேர்த்த உடனே சொல் வேறு பக்கம் சாய்ந்துவிடுகிறது. ‘வசதி குறைவான குடும்பம்’ என்று சொல்லிப் பாருங்கள். கல்யாணப் பேச்சில், பள்ளிக்கூடக் கட்டணச் சலுகை மனுவில், எங்கே கேட்டாலும் ஏழைக் குடும்பம் என்றுதான் விளங்கும். இல்லையென்றால் கழிப்பறை வசதிக்குறைவு, குடிநீர் வசதிக்குறைவு என்று ஏதாவது பொருள் போதாமை. போர்டு சொல்வது இந்த இரண்டில் ஒன்று: ஐயா, நீங்கள் ஏழையாக இருப்பதற்கு வருந்துகிறோம், அல்லது, எங்களிடம் போதிய சாமான் இல்லாததற்கு வருந்துகிறோம். பூண்டுச் சாக்கு அம்மா கேட்ட கேள்வி விளையாட்டுக் கேள்வி இல்லை.

எதிர்மறையாகச் சொன்னதே தவறு என்றும் நான் சொல்லவில்லை. அழுக்காறாமை, இடுக்கணழியாமை என்று அதிகாரத்துக்கே பெயர் வைத்த மொழி இது. ஒத்துழையாமை என்ற சொல் விடுதலைப் போராட்டத்தில் ஊர் ஊராகப் போனது, யாரும் விளக்கம் கேட்கவில்லை. அவையெல்லாம் வினையிலிருந்து பிறந்தவை, அதனால் உயிர் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் இப்போது செய்வது வேறு. ஆங்கிலச் சொல்லில் in, un என்று ஓர் எதிர்மறை முன்னொட்டைப் பார்த்ததும் இன்மை, குறைவு, அற்ற என்று மூன்று டப்பாவில் ஒன்றைத் திறந்து பூசுகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு தமிழன் என்ன சொல்வான் என்று யோசிப்பதில்லை. இதற்குமேல் இந்தப் பேச்சை எடுத்தால் நான் வேறு எங்கோ போய்விடுவேன்.

தேடவே வேண்டாம், கண்ணெதிரிலேயே இருந்தது. அந்த மஞ்சள் போர்டிலிருந்து இரண்டு வளைவு மேலே இன்னொரு போர்டு: ‘போக்குவரத்துக்கு இடையூறாக வாகனங்களை நிறுத்தாதீர்.’ எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! அதே சாலை, அதே பெயிண்ட். நாம் வண்டியை நிறுத்தினால் இடையூறு, அவர்கள் நிறுத்தினால் வசதிக்குறைவா?

இந்தக் குடும்பத்துச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை உண்டு. தடை என்றால் தடுத்தது, அப்பால் போக முடியாது. தடங்கல் என்றால் ஓடிக்கொண்டிருந்தது நின்றது, மறுபடி ஓடும். எங்கள் மலையில் நிற்கும் தூர்தர்ஷன் கோபுரத்திலிருந்து தென்மாவட்டங்களுக்குப் படம் போன காலத்தில், ஒலியும் ஒளியும் பாதியில் அறுந்தால் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று திரையில் எழுத்து வரும். ஏச்சு வாங்கிய வாசகம்தான், ஆனால் தமிழில் பிழை சொல்ல முடியாது. விக்கினத்தைப் பிள்ளையாரிடம் விட்டுவிடலாம். இடைஞ்சல் வீட்டுப் பேச்சுக்கு.

முட்டுக்கட்டை மட்டும் தனி. ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்பது இன்று வசைச்சொல். ஆனால் ஏற்றத்தில் கேரட் லோடு லாரி நிற்கும்போது கிளீனர் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையோ கல்லோ வைப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வண்டியையும் அதற்குப் பின்னால் நிற்கிற நம்மையும் காப்பாற்றுவதே அதுதான். தேருக்கும் அப்படித்தான், கட்டை போடுகிறவர் இல்லாமல் தேர் தெரு திரும்பாது. லாரி கிளம்பியபின் கல்லை எடுக்காமல் நடுரோட்டில் விட்டுப் போகிறார்களே, பனிமூட்டத்தில் பைக்கில் வருகிறவன் அதில் ஏறிக் கவிழ்கிறானே, அப்போதுதான் அது இடையூறு. கல் ஒன்றுதான்.

லாட்ஜ் கதவுக்கு இடையூறு பொருந்துமா என்று கேட்டால், பொருந்தாது. அங்கே வேலையும் இல்லை, அதன் நடுவே வந்து பட்டதும் இல்லை. ‘இன்று வெந்நீர் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதினால் போதும். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை அச்சடித்து ஒட்டுவதுதான் நோயே.

கடைசியாக ஒரு சிக்கல். போர்டில் ‘இடையூறுக்கு வருந்துகிறோம்’ என்று எழுதுவதா, ‘இடையூற்றுக்கு’ என்று எழுதுவதா? ஆறு ஆற்றுக்கு ஆகிறது, சோறு சோற்றுக்கு ஆகிறது, ஆகவே இடையூற்றுக்கு என்பார்கள் இலக்கணக்காரர்கள். அவர்கள் பக்கம்தான் விதி இருக்கிறது. ஆனால் ஊத்து நிறுத்தத்துக்குக் கீழே அப்படி ஒரு போர்டு வைத்தால், அடுத்த மழையில் சரிவில் கசிகிற தண்ணீருக்காக மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் இடையூறுக்கு என்றே எழுதுகிறேன்.