தூங்குகிற குழந்தையும் தூக்க மாத்திரையும்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஜெரண்ட், பார்ட்டிசிபிள் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் இரண்டே தொடர்களை எழுதுவேன்: ஸ்லீப்பிங் சைல்டு, ஸ்லீப்பிங் பில். வரையறையை மனப்பாடம் செய்துவிட்டு வந்த பிள்ளைகள் இரண்டுமே பார்ட்டிசிபிள் என்பார்கள். பெயருக்கு முன்னால் நிற்கிறதே என்று காரணமும் சொல்வார்கள்.

சரி, தமிழில் சொல்லுங்கள் என்பேன். முதலாவது, தூங்குகிற குழந்தை. அடுத்ததைத் தூங்குகிற மாத்திரை என்று சொல்ல வாயெடுத்தவர்களே நிறுத்திவிடுவார்கள். மாத்திரையா தூங்குகிறது? தூங்குவதற்கான மாத்திரை அது. ‘தூங்குகிற’ என்பது பெயரெச்சம், அதுதான் பார்ட்டிசிபிள். ‘தூங்குதல்’ தொழிற்பெயர், அது ஜெரண்ட். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘இங்’. தமிழில் தனித்தனி வடிவம் இருப்பதால் குழப்பத்துக்கே இடமில்லை.

ஆங்கில வகுப்பில் தமிழ் வாடையே கூடாது என்று கேட்கும் பெற்றோரிடம் நான் மன்றாடுவது இதற்காகத்தான். தமிழ் வகுப்பில் ஏற்கெனவே படித்ததை, வேறு பெயரில் புதிதாக உருப்போட்டுப் பிள்ளைகள் களைத்துப்போகிறார்கள்.

அணிகளிலும் இதே கதை. ‘லைக்’ அல்லது ‘ஆஸ்’ வந்தால் சிமிலி என்று ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுக்கிறோம். அதை நம்பி, ‘ஐ லைக் மேங்கோஸ்’ என்பதற்குக்கூடச் சிமிலி என்று எழுதிய விடைத்தாளைத் திருத்தியிருக்கிறேன். ‘ஷீ லுக்ஸ் லைக் ஹெர் மதர்’ என்பதும் சிமிலி இல்லை. மகள் அம்மா மாதிரி இருப்பது உள்ளபடியே சொன்ன செய்தி. வேறு வேறு இனமான இரண்டு பொருள்களை ஏதோ ஒரு பொதுத்தன்மை சேர்த்துவைத்தால்தான் அங்கே அணி இருக்கிறது. மலர்க்கண் என்றால் மலர் போன்ற கண், உவமை, சிமிலி. அதையே கண்மலர் என்று திருப்பிப்போட்டால் கண்ணே மலர் ஆகிவிடுகிறது, உருவகம், மெட்டாஃபர். இந்த ஒரு ஜோடியைச் சொன்ன பிறகு என் வகுப்பில் இந்த இரண்டையும் மாற்றி எழுதுகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றுக்கு ஒன்று அப்படியே பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. அலிட்டரேஷனை மோனை என்று சொல்லலாம், ஆனால் ஆங்கிலத்தில் பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, ஒலியை. ‘சிட்டி’ (நகரம்), ‘கேட்’ (பூனை) இரண்டும் ‘சி’ என்ற எழுத்தில் தொடங்கினாலும் அலிட்டரேஷன் ஆகாது. ‘ஃபோன்’, ‘ஃபிஷ்’ வேறு எழுத்துகளில் தொடங்கினாலும் ஆகும். ரைமை எதுகை என்று மொழிபெயர்ப்பதும் தவறு. எதுகை இரண்டாம் எழுத்தில் அமைவது. அடியின் இறுதியில் ஒலி ஒன்றிவருவது இயைபு.

அப்புறம், மெட்டானிமி, சினெக்டகி என்று ஆங்கிலம் இரண்டாகப் பிரிப்பதை நாம் ஆகுபெயர் என்ற ஒரே குடையின் கீழ் வைத்திருக்கிறோம். ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரில் இருக்கிற மக்கள், இது மெட்டானிமி. ‘தலைக்கு நூறு ரூபாய்’ என்றால் தலை முழு ஆளையும் குறிக்கிறது. நம் இலக்கணத்தில் இது சினையாகுபெயர், அங்கே சினெக்டகி.

‘தி’ என்ற ஆர்ட்டிக்கிளுக்கு மட்டும் தமிழ் இந்த அளவுக்குக் கைகொடுக்காது. ‘எ’ வரும் இடத்தில் பல நேரம் ‘ஒரு’ உதவும். ‘தி’க்கு அப்படி ஒரு சொல் நம்மிடம் இல்லை. அதை நிறைய வாசித்துத்தான் பழக வேண்டும், அதற்கென்றே சில பீரியடுகளைத் தனியாக ஒதுக்கிவிடுகிறேன்.