இரும்பாலைப் பூங்காவும் சீனக்குடாவின் எரிந்த தாங்கியும்

திருகோணமலையிலிருந்து ஜேர்மனியில் இருக்கும் பிள்ளைகளையோ சகோதரங்களையோ பார்க்கப் போகிறவர்கள், ஹாம் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போகாமல் திரும்புவது குறைவு. இன்னொரு நாளை ஒதுக்கி, மேற்கே டூயிஸ்பேர்க் நகரிலுள்ள மைடரிக் இரும்பாலைப் பூங்காவையும் பார்த்துவிட்டு வாருங்கள். 1901இல் தொடங்கி 1985இல் மூடப்பட்ட ஆலை அது. இடித்துப் பழைய இரும்பாக விற்றிருக்கலாம். நிலவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ் பெரும்பகுதியை நின்றபடியே விட்டு, ஊர்ச்சனம் உலாவும் பூங்காவாக்கினார். 1994இல் திறந்தார்கள். நுழைவுக்குக் காசு இல்லை. இரும்புத்தாதுவை உருக்கும் ஊதுலையைப் பாடப்புத்தகப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது.

ஐந்தாம் இலக்க ஊதுலை சுமார் 70 மீற்றர் உயரம். மேலே படியேறிப் போகலாம். உச்சி வழியாகத்தான் இரும்புத்தாது, கற்கரி (காற்றுப்படாமல் வாட்டிய நிலக்கரி), சுண்ணாம்புக்கல் மூன்றையும் அடுக்கடுக்காகக் கொட்டினார்கள். அடியில் உலையைச் சுற்றி வளையமாகப் பெரிய குழாயொன்று ஓடுகிறது. அதிலிருந்து சிறு குழல்கள் வளைந்து உலைக்குள் நுழைகின்றன. சூடான காற்று போன வழி அதுதான். உள்ளே கற்கரி எரிந்து காபனோரொட்சைட்டு உண்டாகும். அது மேலேறும்போது, கீழிறங்கும் தாதுவிலிருந்து ஒட்சிசனைப் பறித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது இரும்பு. அது கற்கரியிலிருந்து நூற்றுக்கு நாலு பங்களவு காபனையும் உறிஞ்சும். சூட்சுமம் இங்கேதான்: தூய இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வேண்டும், இவ்வளவு காபன் சேர்ந்தால் 1150 பாகையை அண்டியே உருகத் தொடங்கும். தாதுவோடு வந்த கல்லும் மண்ணும் சுண்ணாம்புடன் சேர்ந்து கசடாகும். கசடு பாரம் குறைவு, உருகிய இரும்பின் மேல் மிதக்கும்.

சரி, காற்றை ஏன் சூடாக்க வேண்டும்? கொல்லன் துருத்தியைப் போலச் சும்மா ஊதினால் போதாதா? காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைதரசன். அது எரிய உதவாது, சூட்டை மட்டும் குடிக்கும். 1000 பாகைக்கு மேல் சூடாக்கி ஊதும்போது குழல் வாயருகே வெப்பம் 2000 பாகை வரை ஏறும். அதற்கான எரிபொருளும் உலையிலிருந்தே வந்தது. உச்சியால் வெளியேறும் வாயுவில் எரியாத காபனோரொட்சைட்டு இன்னும் இருக்கும். அதைச் செங்கல் அடுக்கிய கோபுரங்களுக்குள் எரிப்பார்கள். கற்கள் பழுத்ததும் எரிப்பதை நிறுத்தி, அவற்றுக்கிடையே காற்றை விடுவார்கள். ஒரு கோபுரம் சூடாகும்போது இன்னொன்று காற்றுக்குச் சூடு கொடுக்கும். கழிவென்று விடாமல் இப்படிச் சுற்றவைத்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

வாயுவைச் சேர்த்துவைத்த தாங்கியில் இப்போது 13 மீற்றர் ஆழத்துக்கு நீர். புறாத்தீவில் முக்குளிக்கிறவர்கள் அங்கேயும் இறங்கலாம். தாது குவித்த அறைகளின் சுவர்களில் மலையேறப் பழகுகிறார்கள்.

எங்களூர்க் கதையொன்றுக்கும் இதில் விடை இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்த திருகோணமலைச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கியைக் காட்டி, "உருகிப்போச்சு" என்பார்கள். திறந்த வெளியில் எரியும் எண்ணெய்த் தீ 1000 பாகையைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். தாங்கி செய்யும் உருக்கில் (எஃகில்) காபன் மிகக் குறைவு; உருக 1500 பாகையளவு வேண்டும். ஆனால் 600 பாகையிலேயே உருக்கு தன் பலத்தில் பாதியை இழந்துவிடும். தன் பாரத்தைத் தானே தாங்காமல் மடிந்துவிடும். அந்தச் சுவரில் தெரிவது இந்த மடிப்புகள்தான்.

சீனக்குடாவிலும் ஒருநாள் பூங்கா வருமென்றால், முதலில் மண்ணைத் துளைத்து எண்ணெய் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம் அந்தச் சுவர். கடற்காற்றின் உப்பு ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை வேகமாக்கும். தடித்த நிறப்பூச்சுக்குப் பதிலாக, மடிப்புகள் தெரியும்படி மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்து, தேய்ந்ததும் திரும்பப் பூசிவந்தால் நல்லது.