'ஆக்சிஜனேற்ற மன அழுத்தம்' என்று ஒன்று கிடையாது

போன மாதம் பெரியம்மாவின் மறதிக்காக மருத்துவரிடம் போனபோது அல்சைமர் பற்றி ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். அதில் 'மூளையில் ஏற்படும் ஆக்சிஜனேற்ற மன அழுத்தம்' என்று இருந்தது. அதைப் படித்த அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்தை மனசு நோகிற மாதிரி நாங்க என்ன செஞ்சோம்?" என்று கேட்டார், கண் கலங்கியிருந்தது. இணையக் கட்டுரைகளிலும் இதே தொடரைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

ஆங்கிலத்தில் 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' என்பதைத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஸ்ட்ரெஸ் என்பதன் வேர் இறுக்கிக் கட்டுவதைக் குறிக்கும் லத்தீன் சொல். ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆய்வாளர் வழியாக மருத்துவத்தில் வேரூன்றியது. 1985-ல் ஹெல்முட் சீஸ் என்ற உயிர்வேதியியலாளர் இதை ஆக்சிஜனேற்றத்தோடு சேர்த்து வரையறுத்தபோது சொன்னது, செல்லில் ஆக்சிஜனேற்றிகளுக்கும் அவற்றைத் தடுப்பவற்றுக்கும் உள்ள சமநிலை குலைவதைத்தான். மனம் இதில் எங்கே வந்தது?

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. அப்படி எரிக்கும்போது தெறிக்கும் வீரியமான மூலக்கூறுகளை செல்லே தயாரித்துக்கொள்ளும் குளூட்டாதயோன் போன்ற காப்புப் பொருட்கள் அடக்கிவைக்கும். அல்சைமரில் அந்தக் கட்டுப்பாடு தளர்கிறது, கொழுப்பும் புரதமும் அடிபடுகின்றன. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் குளூட்டமேட் என்ற பொருளை அப்புறப்படுத்தும் குளூட்டமைன் சிந்தேஸ் என்ற நொதியே ஆக்சிஜனேற்றம் அடைந்து வேலை குன்றிப்போகிறது. நடப்பது வேதிவினை, வீட்டுச் சண்டை இல்லை.

சரி, 'மன'வை வெட்டிவிட்டு 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்றால் போதாதா என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. இரத்த அழுத்தம், காற்றழுத்தம் என்று அழுத்தம் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. படிப்பவர் மூளைக்குள் ஆக்சிஜன் ஏறி அமுக்குகிறது என்றுதான் நினைப்பார், அளக்க ஒரு கருவியும் தேடுவார். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ஸ்ட்ரெஸுக்குத் தரும் 'தகைவு' என்ற சொல் கம்பிக்குப் பொருந்தும், செல்லுக்குப் பொருந்தாது. நான் 'ஆக்சிஜனேற்ற நெருக்கடி' என்கிறேன். நெருக்குதல் என்ற வேர்ப்பொருளும் அதில் உண்டு, சமாளிக்க முடியாத நிலை என்பதும் உண்டு, பாட்டிக்கும் புரியும். அகராதியில் முதலில் கண்ணில் படுவதை ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளர்கள், அந்தத் தாளை யார் கையில் வைத்துப் படிப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

ஆக்சிஜனேற்றம் என்பதிலும் குறை உண்டு. எலக்ட்ரானை இழப்பதுதான் அதன் சாரம், ஆக்சிஜன் ஏறியே ஆகவேண்டும் என்பதில்லை. ஈழத்தில் ஒட்சியேற்றம் என்பார்கள், அதிலும் இதே சிக்கல். ஆனால் பள்ளியிலிருந்தே பழகிய சொல், அதனால் யாரும் அழவில்லை, இருக்கட்டும். அண்ணியின் தாளில் 'மன அழுத்தம்' மேல் கோடு போட்டு 'நெருக்கடி' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.