இம்பிரிண்டிங்: பொறிப்பும் பொறிப்புக் குலைவும்

கொழும்பில் புற்றுநோய் பற்றித் தமிழில் நடக்கும் கூட்டங்களில் 'மரபணுப் பதிவு இழப்பு' என்ற தொடரை அடிக்கடி கேட்கிறேன். 'லொஸ் ஒஃப் இம்பிரிண்டிங்' (loss of imprinting) என்பதற்கு இப்படி ஒரு தமிழ். வெள்ளவத்தையில் ஒரு தாய் எழுந்து, "அப்ப என்ர பிள்ளைக்கு அந்த மரபணுவே இல்லையோ டொக்டர்?" என்று கேட்டார். அவரில் பிழையில்லை. அந்தத் தொடருக்கு அதுதான் பொருள்.

மரபணு எனப்படும் ஒவ்வொரு பரம்பரையலகும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று பெரும்பாலும் இரண்டு பிரதியாக வருகிறது. வழக்கமாக இரண்டும் வேலை செய்யும். சிலவற்றில் மட்டும், முட்டையிலோ விந்திலோ இருக்கும்போதே ஓர் அடையாளம் இடப்படுகிறது. அதன்படி ஒரு பிரதி இயங்கும், மற்றது அடங்கிக் கிடக்கும். அடையாளம் என்பது முக்கியமாக டிஎன்ஏயில் ஒட்டும் மெதைல் என்ற சிறு வேதிக் கூட்டம். டிஎன்ஏயின் எழுத்து வரிசையில் மாற்றமே இல்லை. இதுதான் இம்பிரிண்டிங். 1960இல் ஹெலன் குரூஸ் என்ற ஆய்வாளர் ஒரு சிறு ஈயின் நிறமூர்த்தங்களை (குரோமோசோம்களை)ப் பற்றி எழுதியபோது இந்தச் சொல்லை ஆண்டார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பதிவு' என்றால் நமக்குப் பிறப்புப் பதிவு, காணிப் பதிவு. ஏதோ தகவல் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்ற எண்ணம். 'அச்சிடல்' என்றால் படி எடுப்பது. இரண்டும் வேறு வேலை. 'முத்திரை' பரவாயில்லை, ஆனால் வடமொழிச் சொல். நமக்கே சொந்தமாக ஒன்று இருக்கும்போது அது எதற்கு? காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் பண்டங்களில் சோழரின் சின்னம் இட்டு அனுப்பியதைப் பட்டினப்பாலை 'புலி பொறித்துப் புறம்போக்கி' என்கிறது. மூட்டைக்குள் இருக்கும் சரக்கு மாறவில்லை. மேலே ஓர் அடையாளம் ஏறியது, அவ்வளவுதான். இம்பிரிண்டிங் செய்வதும் அதையே. 'பொறி' என்று நிறுத்தினால் இயந்திரம், கண்ணி என்றெல்லாம் பொருள் ஓடும். ஆகவே 'பெற்றோர்வழிப் பொறிப்பு'.

'இழப்பு' என்ற சொல் இதைவிட மோசம். 11ஆம் நிறமூர்த்தத்தில் ஐஜிஎஃப்2 என்றொரு வளர்ச்சிக் காரணிக்கான பரம்பரையலகு இருக்கிறது. இயல்பாகத் தந்தைவழிப் பிரதி மட்டும் இயங்கும். தாய்வழிப் பிரதியின் அருகே மெதைல் இல்லாத இடத்தில் சிடிசிஎஃப் என்ற புரதம் அமர்ந்து, அதைத் தூண்டவிடாமல் தடுக்கும். குழந்தைகளின் சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டிகள் சிலவற்றில் அந்த இடத்திலும் மெதைல் ஏறிவிடுகிறது. புரதம் அமர முடியாது. இரண்டு பிரதிகளும் இயங்க, வளர்ச்சிக் காரணி அளவு மீறுகிறது. இந்தக் கட்டிகளில் இரண்டு பிரதிகளும் இயங்குவது 1993இல் வெளிவந்தது. பெருங்குடல் புற்றுநோயிலும் பின்னர் கண்டார்கள். இங்கே எது தொலைந்தது? வரக்கூடாத இடத்தில் ஓர் அடையாளம் கூடுதலாக வந்திருக்கிறது. வேறு இடங்களில் இருக்க வேண்டியது அழிவதும் உண்டு. இரண்டையும் 'பொறிப்புக் குலைவு' தாங்கும், 'இழப்பு' தாங்காது.

அகராதியில் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து ஒட்டுவதை மொழிபெயர்ப்பு என்கிறார்கள். கலத்துக்குள் (செல்லுக்குள்) என்ன நடக்கிறது என்று ஒரு பக்கமாவது படித்துவிட்டுக் கலைச்சொல் ஆக்குங்கள். அப்புறம், 'குலைந்தால் புற்றுநோய்' என்றும் எழுதாதீர்கள். குலைவு கலத்தைப் பெருகத் தூண்டும். கட்டியாக வளர வேறு மரபணு விகாரங்களும் பெரும்பாலும் சேர வேண்டும்.